கெவினுக்கு எடுத்த ஆலாத்தி

நவநீத் இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு எடுத்த அதே ஆலாத்தித் தட்டைத்தான் கெவினுக்கும் எடுத்தார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்தி, வாசலில் வைத்து மூன்று சுற்று. நவநீத் வீட்டு மருமகன். கெவின் ஓணான். இரண்டு பேருமே அந்த நெருப்பைப் பார்த்து ஒரே மாதிரித்தான் முழித்தார்கள். சிரிக்காதீர்கள். மாடிப்படியில் நின்று இரண்டையும் பார்த்தவள் நான்.

என் பெயர் கிளறிற்றா, கூப்பிடுவது கிளறி. சொந்த இடம் மன்னார். இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் பாலாம்பிகை அக்கா வீட்டு மாடியில், முன்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். விடியமுன் எழும்பி ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பாண் ரொட்டி அடுக்கப் போவேன், மத்தியானம் வந்துவிடுவேன். எனக்குக் கோபம் கெதியில் வரும், அது என் பிறவிக் குணம். குடிவந்த முதல் கிழமையே என் அறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். பாலாக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டுக்குள்ளை ஆருக்குப் பூட்டு, கிளறி?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். வாடகைக்கு இருக்கிறவள் நாலு சொல்லை விழுங்கத்தான் வேண்டும்.

பாலாக்காவைக் கெட்ட மனுசி என்று நினைத்துவிடாதீர்கள். கெட்ட மனுசியாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். இவர் அன்பாலேயே ஆளை மூச்சுத் திணறப் பண்ணுகிறவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் மல்லித்தண்ணியோடு கதவடியில் நிற்பார், குடித்து முடிக்கும்வரை போகமாட்டார்.

அவருடைய ஒரே மகள் தக்ஷிகா. இங்கேயே, இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்து, ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை. கிளிநொச்சியில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்த நவநீத்தைப் பேசிக் கட்டிவைத்தார்கள். போன தை மாதம் கலியாண விசாவில் வந்து இறங்கினார். மெலிந்த ஆள், மெதுவாகப் பேசுவார், எதற்கும் முதலில் தலையாட்டிவிட்டுத்தான் யோசிப்பார். ஊருக்கெல்லாம் எல்லை அளந்து கொடுத்தவருக்கு இங்கே கிடைத்தது படிக்கட்டுக்கு மேலே இருக்கிற சின்ன அறை. கட்டிலைப் போட்டால் அலுமாரிக் கதவு பாதிதான் திறக்கும். பெரிய அறை இரண்டில் ஒன்றில் பெற்றோர், மற்றதில் நான்.

விசாவில் வேலை செய்யலாம். ஆனால் தக்ஷிகாவின் அப்பா கனகலிங்கம் அண்ணை விடவில்லை. பெற்றோல் ஸ்டேசன் வைத்திருக்கிறவர். "என்ர மருமோன் ஷெல்ஃப் அடுக்கிறதோ? ஊர் சிரிக்கும். நல்ல வேலையா வரட்டும், பாப்பம்," என்றார். பாண் அடுக்கிற என் முகத்துக்கு நேரேதான் சொன்னார். நல்ல வேலை வரவில்லை. மருமகன் வீட்டில் இருந்தார். மகள் வேலைக்கு, மாமா வேலைக்கு. பகல் முழுக்க மாமியும் மருமகனும்.

தொடக்கத்தில் விருந்து. எங்கள் ஆட்களுக்குப் புது மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சோறு போடாவிட்டால் நித்திரை வராது. ஸ்ட்ரெதமில் ஒரு சித்தப்பா, ஹரோவில் ஒரு பெரியம்மா என்று சனி ஞாயிறெல்லாம் போய்ப் போய்ச் சாப்பிட்டார். அது முடிய, அவர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். சோபாவின் ஒரு மூலையில் அவரை இருத்திவிட்டு எதிரே வரிசையாக இருந்து பார்ப்பார்கள். "எப்பிடித் தம்பி லண்டன்? பழகீட்டுதோ?" அவர் சிரிப்பார், தலையாட்டுவார். "இன்னும் இல்லைப் போல. பழகீடும், பழகீடும்." இந்தப் பழகீடும் என்ற சொல்லை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

வெளியே போகலாமே என்று கேட்பீர்கள். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் காலாற நடந்தால் நகைக்கடை வாசலில் ஒருவர், மரக்கறிக் கடையில் ஒருவர். "கனகலிங்கத்தாற்ர மருமோன் தனியத் திரியிறார், வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்ற போன் அவர் வீட்டுக்குத் திரும்புமுன்னே வந்து சேர்ந்துவிடும். பிறகு பாலாக்கா, "எங்க தம்பி போனனீங்கள்? சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பனே," என்பார். அடுத்த தரம் கூடவே வருவார். அதற்கடுத்த தரம் நவநீத் போகவேயில்லை.

தக்ஷிகாவும் நவநீத்தும் படுக்கிற சின்ன அறைக் கதவு சாத்தும், பூட்டாது. பாலாக்கா தட்டமாட்டார், அவருக்குத் தட்டிப் பழக்கமில்லை. "தேத்தண்ணி" என்பதில் 'தேத்' வெளியே கேட்கும், 'தண்ணி' கட்டிலடியில் கேட்கும். அந்தாள் உடுப்பு மாற்றினாலும் அதுதான், தாயோடு போனில் கதைத்தாலும் அதுதான். கோப்பையை வாங்கி, நின்றபடியே குடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார். வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்படி ஐப்பசி வந்தது. தக்ஷிகாவோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி கனடாவுக்குப் போகிறாள், தன் ஓணானை ஆரிடமாவது கொடுக்க வேண்டும். தக்ஷிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை, தகப்பன் விடவில்லை. இப்போது உழைக்கிற பிள்ளை, ஆர் தடுப்பது? ஒரு சனிக்கிழமை கண்ணாடித் தொட்டி, விளக்கு, மணல், கல்லு, கட்டை எல்லாவற்றோடும் கொண்டு வந்து இறக்கினாள். ஆஸ்திரேலியாப் பாலைவனத்து இனம். முழங்கை நீளம் இருக்கும், மண் நிறம், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாக ஒரு தாடி. பெயர் கெவின். என் தங்கச்சியின் மகனுக்கும் கெவின் என்றுதான் பெயர். ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர்.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதை கேட்டிருக்கிறன், இப்ப கண்ணால காணுறன்," என்று பாலாக்கா தலையில் கை வைத்தார். அப்படிச் சொன்ன அதே வாயால், "வீட்டுக்கு வந்த உயிர், சும்மா உள்ளை எடுக்கக்கூடாது," என்று ஆலாத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதுதான் பாலாக்கா.

தொட்டியை ஹோலில் வைத்தார்கள். ஒரு பக்கம் சாமித்தட்டு, மறுபக்கம் டீவி, முன்னே றோட்டுப் பக்க யன்னல். வீட்டிலேயே எல்லோரும் போய்வருகிற இடம் அதுதான்.

"நவா, நீங்கள் பகலில வீட்டில தானே. இதைப் பாத்துக்கொள்ளுறீங்களா? லைட் போடணும், ஹீட் செக் பண்ணணும், வெட்டுக்கிளி குடுக்கணும்," என்றாள் தக்ஷிகா.

நவநீத் வழக்கம்போலத் தலையாட்டினார். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது அதுதான் முதல் தரம். அன்று பின்னேரமே போனில் எல்லாவற்றையும் தேடி வாசித்துவிட்டார். விளக்குக்குக் கீழே கல்லு எவ்வளவு சுட வேண்டும், மற்றக் கரை எவ்வளவு ஆற வேண்டும் என்று நில அளவைக்காரனின் ஒழுங்கோடு அளந்து அளந்து கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்தார். குசினியில் சமைக்க வந்த என்னைக் கண்டபோது தானாகவே கதைத்தார். "அன்ரி, புது இடத்துக்கு வந்தால் முதல் கிழமை அதைத் தொடக்கூடாதாம். பாத்துக்கொண்டு நிக்கவும் கூடாதாம். தன்பாட்டில விட்டால் தானாச் சாப்பிடுமாம்."

தன்பாட்டில் விடுகிற வீடா இது?

ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த அதே ஆட்கள், அதே சோபா. முன்வரிசையில் சுசிலா. பாலாக்காவின் சிநேகிதி, ஈஸ்ட் ஹாமில் அவள் வாய்க்குள் போகாத வீடில்லை. கண்ணாடியில் விரலால் தட்டினார்கள். போனை நீட்டிப் படமெடுத்தார்கள். ஒருவர் வெளியே எடுத்து மடியில் வைத்தார். பாலாக்கா வாழைப்பழத்தை மசித்து அதன் வாயில் தேய்த்தார். கெவின் கட்டையில் ஒட்டிக்கொண்டு ஒரு முன்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டியது.

"ஐயோ, இஞ்ச பாருங்கோவன், டாட்டா காட்டுது!" என்று சுசிலா கத்தினாள். "எங்களுக்கு ஹலோ சொல்லுது!"

எல்லோரும் பதிலுக்குக் கையாட்டினார்கள். நவநீத் சுவரோடு நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "ஹலோ இல்லை அன்ரி. தன்னைவிடப் பெரிசைக் கண்டால் அப்பிடிச் செய்யுமாம். நான் உங்களுக்கு அடக்கம், என்னை ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு."

சொல்லிவிட்டு, சுசிலா திரும்பிப் பார்த்ததும், அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு என் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்து எறிந்திருப்பேன்.

கெவின் தின்னவில்லை. தாடி கறுத்துப்போனது. பயந்தால் அப்படிக் கறுக்கும் என்று தக்ஷிகா சொல்லியிருந்தாள். வெட்டுக்கிளியை முன்னே விட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. கண்ணாடியில் முகத்தை வைத்து மேலும் கீழும் பிறாண்டும், பிறகு மூலையில் போய் ஒடுங்கும். நாளுக்கு நாள் இடுப்பு எலும்பு தெரியத் தொடங்கியது. கனகலிங்கம் அண்ணை ஒரு பின்னேரம் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டார். "வீட்டுக்குள்ளை ஒரு உயிர் செத்தால் கூடாது. ரெண்டு கிழமைக்குள்ளை தின்னாட்டி உதைக் கொண்டுபோய் ஆருக்கும் குடுங்கோ." ஸ்ட்ரெதமில் இப்படிப் பிராணிகள் வளர்க்கிற ஒருவர் இருந்தார். தக்ஷிகாவும் அரை மனதோடு, அதுதான் நல்லது போல என்றாள்.

நவநீத் அன்று இரவுச் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். கோப்பை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது போகக்கூடாது அன்ரி."

"ஏன் தம்பி, அவ்வளவு ஆசையோ அதில?"

"இந்த வீட்டில எனக்குப் பிறகு வந்தது அது ஒண்டுதான்," என்றார். "அதுக்கும் ஏலாமப் போச்சுதெண்டால்..." துணியை எடுத்துக் கோப்பையைத் துடைத்தார். துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தார்.

ஓணான் தின்னாததற்குப் பாலாக்கா ஒரு காரணம் கண்டுபிடித்தார். கண்ணூறு. "அண்டைக்கு வந்ததுகளின்ர கண் பட்டிட்டுது. சுசிலாவின்ர கண் பொல்லாத கண்." சரி, அதற்கு மருந்தென்ன? வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. அந்த வீட்டில் வெள்ளி தவறாது. புகைக்குக் கத்துகிற மணியின் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தணலில் சாம்பிராணியைப் போட்டு அறை அறையாகக் காட்டுவார். அந்த வெள்ளி, பிள்ளைக்குக் கண்ணூறு கழியட்டும் என்று தொட்டியின் மூடியைத் தூக்கி, புகையை உள்ளேயே பிடித்தார்.

நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க வெள்ளைப் புகை. மாடிக்கு ஏறினேன். என் அறை வாசலில் நவநீத் நிற்கிறார். நெஞ்சோடு ஸ்வெட்டரை ஏந்திப் பிடித்திருக்கிறார், ஸ்வெட்டருக்குள் கெவின். அதன் வாய் திறந்தபடி இருந்தது, பக்கங்கள் ஏறி இறங்கின, தாடி கரிச்சட்டி அடி போலக் கறுத்துக் கிடந்தது. நவநீத்தின் கண்ணும் சிவந்திருந்தது. புகையாலோ அழுகையாலோ எனக்குத் தெரியாது.

"அன்ரி, உங்கட அறையை ஒருக்கால் திறப்பியளே? இந்த வீட்டில உங்கட கதவு மட்டும்தான் பூட்டுறது."

ஒன்பது மாதத்தில் அந்த மனிதன் என்னிடம் கேட்ட முதல் உதவி. திறந்தேன். யன்னலைத் திறந்துவிட்டு, என் வேலை ஜாக்கெற்றால் கெவினைச் சுற்றி மூடினோம். பிறகு மணலை வாளியில் அள்ளிக் கொட்டிவிட்டு, நானும் அவருமாகத் தொட்டியைப் படியில் ஏற்றினோம். இரண்டு இடத்தில் சுவரில் இடிபட்டது. என் முதுகு அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. "எங்க கொண்டுபோறியள்? ஏன் கொண்டுபோறியள்?" என்று பாலாக்கா கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். நவநீத் அடுத்த படி ஏறினார். நான்தான், "புகை அதுக்கு ஒத்துவராதாம் அக்கா," என்றேன்.

என் கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவே தொட்டியை வைத்தோம். மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே, நான் குளித்துத் துடைக்கிற துவாய்களைத் தொங்கவிட்டார். விளக்கைப் போட்டார். வெட்டுக்கிளி இரண்டை உள்ளே விட்டுவிட்டு, "பாக்கக்கூடாது அன்ரி, நாங்கள் மற்றப் பக்கம் திரும்பியிருப்பம்," என்றார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தோம். மாதாவின் படத்தைத் தவிர அந்தச் சுவரில் ஒன்றுமில்லை. சும்மா இருப்பது இவ்வளவு நல்லாயிருக்கும் என்று எனக்கும் மறந்துபோயிருந்தது.

விளக்குப் போட, நிற்பாட்ட, தண்ணீர் தெளிக்க அவர் வந்து போகத்தானே வேண்டும்? பூட்டோடு வந்த இரண்டு திறப்புகளில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். "நான் வேலையில நிக்கேக்கை உள்ளுக்கால பூட்டிப்போட்டு இருங்கோ. ஆரும் வந்து தட்டினாலும் கெவின் படுக்குது எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

அடுத்த கிழமை ஒருநாள் மத்தியானம் வேலையால் வந்தேன். பாலாக்கா குசினியில் போனில் இருந்தார். மாடியில் சத்தமேயில்லை. என் திறப்பால் மெல்லத் திறந்தேன்.

நவநீத் நிலத்தில், கார்ப்பெற்றில் படுத்திருந்தார். ஒரு கை கன்னத்துக்குக் கீழே, வாய் கொஞ்சம் திறந்து, நல்ல ஆழ்ந்த நித்திரை. வீட்டுச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்திருந்தார். தொட்டிக்குள் கெவின் சூட்டுக் கல்லில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. தாடி வெளிறி, வைக்கோல் நிறமாகிவிட்டது. வாயோரத்தில் வெட்டுக்கிளியின் கால் ஒன்று ஒட்டியிருந்தது.

தின்றுவிட்டது!

எழுப்பிச் சொல்ல வேண்டும் என்றுதான் குனிந்தேன். முடியவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் இருந்து அழுதேன். எனக்கே விளங்கவில்லை, ஒரு ஓணான் தின்றதற்கு மன்னாரிலிருந்து வந்த கிழடொன்று ஏன் அழுகிறது என்று. ஓணானுக்கு இல்லை. ஒரு வளர்ந்த ஆம்பிளை, கலியாணம் முடித்தவன், கட்டிலிருக்கிற வீட்டில் அடுத்தவள் அறை நிலத்தில் வந்து நித்திரை கொள்கிறானே, அதற்கு.

மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பிவிட்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கதவைப் பூட்டினவுடனை நித்திரை வந்திட்டுது."

"இரவில நித்திரை இல்லையோ தம்பி?"

செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். "கதவு சும்மா சாத்தித்தானே கிடக்கும். ஆரோ வரப்போகினம் எண்டு காது அங்கேயே நிக்கும். தக்ஷிக்கு அப்பிடியில்லை, படுத்தால் நித்திரை."

"அவளுக்குச் சொன்னனீங்களோ?"

"என்னெண்டு அன்ரி சொல்லுறது? அவவின்ர வீடு. எல்லாரும் என்னை நல்லாத்தானே பாக்கினம். அடிச்சால் அடிக்கினம் எண்டு சொல்லலாம். தேத்தண்ணி தருகினம் எண்டு முறைப்பாடு சொல்ல ஏலுமே?"

எழும்பி, அப்போதுதான் கோட்டைக் கழற்றினேன்.

கெவின் தின்ற செய்தி வீட்டை நிறைத்தது. தக்ஷிகா துள்ளினாள், நவநீத்தைக் கட்டிப்பிடித்தாள். ஸ்ட்ரெதம் கதை நின்றது. ஆனால் அதே கிழமை சுசிலாவின் வாய்க்குத் தீனி கிடைத்துவிட்டது. "உங்கட மருமோன் பகலில அந்த வாடகைக்கு இருக்கிற மனுசியின்ர அறைக்குள்ளை பூட்டிக்கொண்டு இருக்கிறாராமே?" என்று பாலாக்காவிடம் கேட்டிருக்கிறாள். எனக்கு வயது அறுபதாகப் போகிறது. முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது. பாலாக்கா என்னிடம் நேரே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை, "இப்ப அது பழகீட்டுதுதானே தம்பி. நாளைக்கு ஆக்கள் வருகினம், கீழ கொண்டுவந்து வையுங்கோ," என்றார். நவநீத் தலையாட்டினார். பின்னேரமே நானும் அவரும் தொட்டியை இறக்கினோம். போன தரத்தைவிடப் பாரமாக இருந்தது.

ஞாயிறு. ஹோல் நிறைய ஆட்கள். வடையும் தேத்தண்ணீரும் சுற்றி வந்தன. துவாய்களைப் பாலாக்கா மடித்து வைத்துவிட்டார். சோபா மூலையில் நவநீத், தொட்டி மூலையில் கெவின். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வசதியாக எதிரே கதிரைகள்.

"இப்ப நல்லாத் தின்னுறாராம்!"

"மாப்பிள்ளையும் கொஞ்சம் உடம்பு வைச்சிட்டார்."

"பழகீட்டார், பழகீட்டார்."

சுசிலா கண்ணாடியில் வளையல் கையால் தட்டினாள். "எங்க, ஹலோ சொல்லு பாப்பம்." கெவின் காலைத் தூக்கி மெதுவாக ஆட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். தாடி கறுத்துக்கொண்டே வந்தது. நான் குசினி வாசலில் நின்று நவநீத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதே சிரிப்பு. மனிதருக்கும் அப்படி ஒரு தாடி இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன், கண்டவர் கண்டுகொள்வார்.

அவர் எழும்பினார். வடைத் தட்டுக்குக் கீழே விரித்திருந்த மேசைச் சீலையைப் பார்த்தார். தட்டைத் தூக்கிச் சுசிலாவின் கையில் கொடுத்தார். சீலையை உருவி, தொட்டியின் மேலே போட்டு, நாலு பக்கமும் இழுத்து மூடினார்.

"தம்பி, என்ன செய்யிறியள்?" என்றார் பாலாக்கா.

"பாக்கேலாது மாமி," என்றார். "அது பயப்பிடுது. அதுக்கு ஆரும் பாக்காத ஒரு இடம் வேணும்."

ஆரோ சிரித்தார்கள். "ஓணானுக்கும் பிரைவசியாம்!" என்று சுசிலா தட்டோடு குலுங்கினாள். கனகலிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். தக்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. தகப்பனின் கதிரைக் கையில் இருந்தவள் எழும்பி, நவநீத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நவா," என்றாள். "உங்களுக்கு?"

அந்த ஹோலில் இருந்த அத்தனை கண்ணும் அவர் மேலே. அவர் சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பிறகு பாலாக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சிரித்தார்.

"எனக்கென்ன," என்றார். "நான் பழகீட்டன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. வடை திரும்பவும் சுற்றியது.

ஆட்கள் போனபிறகு, பொழுதுபட, என் கதவைத் தட்டினாள் தக்ஷிகா. பூட்டுக் கதவென்றால்தான் அந்த வீட்டில் தட்டுவார்கள். உள்ளே வந்து, தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. பகலில இஞ்ச அவர் என்ன செய்யிறவர்?"

"நித்திரை கொள்ளுறவர்."

"நித்திரையா?"

"ஓம் பிள்ளை. கதவைப் பூட்டிப்போட்டு, நிலத்தில. உங்கட அறையில அவருக்கு நித்திரை வாறேல்லை."

"ஏன்?"

"உங்கட கதவுக்குப் பூட்டு இருக்கோ?"

அவள் முன்னறைக்கும் சின்ன அறைக்கும் நடுவே இருக்கிற அந்தத் துண்டு நடையைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் ஏறி இறங்கிய வீடு. அந்தக் கதவு பூட்டாது என்பதை அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்தது. படித்த பிள்ளை, கெட்டிக்காரி, ஓணானின் தாடி கறுத்தால் பயம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். முகத்தைப் பொத்திக்கொண்டு என் கட்டிலில் இருந்துவிட்டாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பையோடு வந்தாள். உள்ளே கதவுக்குப் போடுகிற கொண்டி ஒன்று, ஆணிகளோடு. நவநீத் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சிலால் கதவில் கோடு கீறி, அளந்து, தானே பொருத்தினார். கெவினின் தொட்டியும் அந்த அறைக்கே போனது. கட்டிலடியில் வைத்ததால் கதவு இனிப் பாதிக்கு மேல் திறக்காது. இரண்டு பேரும் ஒரு பக்கமாகச் சரிந்துதான் உள்ளே போக வேண்டும். வேலை இன்னும் வரவில்லை, வேறு வீடு பார்க்கிற பேச்சும் இல்லை. அதே வீடு, அதே மாமி.

அன்று பின்னேரம் நான் என் அறை வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். சின்ன அறைக்குள்ளேயிருந்து கொண்டி இழுபட்ட சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். கொஞ்சம் பொறுக்க, பாலாக்கா கோப்பையோடு ஏறி வந்தார். "தேத்..." என்று கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. திரும்பவும் தள்ளினார். என் கதவைத் தவிர்த்தால், வாழ்நாளில் முதல் தரம் தன் வீட்டுக் கதவொன்றுக்கு வெளியே நின்றார் அந்த மனுசி.

"தம்பி? தேத்தண்ணி."

நான் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மாதாவே, வேண்டாம் தம்பி, திறவாதே, இப்ப மட்டும் திறவாதே.

"பிறகு குடிக்கிறன், மாமி," என்றது நவநீத்தின் குரல்.

பாலாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அவரும் பாவம்தான். கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆறிப்போகப் போகுதே கிளறி," என்றார்.

"ஆறட்டும் அக்கா," என்றேன்.